திங்கட்கிழமைக் காய்ச்சல்

திருப்பூர் என்றதும் பனியன் நினைவுக்கு வரும். அதே ஊரின் அனுப்பர்பாளையத்தில் பல தலைமுறைகளாகப் பித்தளை, தாமிரம், எவர்சில்வர் பாத்திரங்களும் உருவாகி வருகின்றன. நம் சமையலறையில் மின்னும் பாத்திரத்திற்காக ஒருவர் தம் மூச்சை விலையாகக் கொடுக்கலாகாது.

பித்தளை, தாமிரமும் துத்தநாகமும் கலந்தது. தாமிரம் உருக 1,085 பாகை வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே பித்தளையை உருக்கும்போதும் பற்றவைக்கும்போதும் வெண்புகை எழுகிறது. அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் உண்டாகும். நாவில் உலோகச் சுவை தோன்றும். ஓரிரு நாளில் தணிந்துவிடும். நாள்தோறும் புகையில் உழல்பவரின் உடல் அதற்குப் பழகிவிடுகிறது. ஞாயிறு ஓய்வில் அப்பழக்கம் விட்டுப்போக, திங்களன்று காய்ச்சல் திரும்புகிறது. பஞ்சாலைத் தொழிலாளரை வாட்டும் பஞ்சுத்தூசி நோயிலும் தொடக்கத்தில் திங்களன்றே நெஞ்சு இறுகும். ஓய்வுநாள் நோயைத் தருவதில்லை; மறைந்திருந்த கேட்டைக் காட்டித் தருகிறது.

இதனினும் அஞ்சத்தக்கவை உண்டு. பற்றவைக்கும் கலவையில் காட்மியம் இருந்தால் அதன் புகை நுரையீரலைச் சிதைத்து உயிரையே பறிக்கக்கூடும். எவர்சில்வரைப் பற்றவைக்கும் புகையில் குரோமியமும் நிக்கலும் உண்டு. பற்றவைப்புப் புகை புற்றுநோய் விளைவிப்பதே என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-ஆம் ஆண்டில் தீர்மானித்தது.

பாலும் வெல்லமும் புகையை இறக்கிவிடும் என்பது வீண் நம்பிக்கை. அவை செல்வது இரைப்பைக்கு, நுரையீரலுக்கு அன்று. முகத்தில் கட்டும் துண்டும் இப்புகையைத் தடுக்காது. புகை எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றுவதே தக்க வழி. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே இதனை விதித்தது.

இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, 1700-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நோயாளியின் தொழிலைக் கேட்டறியுமாறு மருத்துவர்களுக்கு அறிவுறுத்தினார். மருத்துவர் கேளாவிடினும் நாமே சொல்லவேண்டும். இல்லத்தரசியரே, கணவருக்கும் மக்களுக்கும் காய்ச்சல் வரும் கிழமையைக் குறித்து வையுங்கள். காய்ச்சலோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால், விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பட்டறை உரிமையாளர்களும் நம் பங்குகளில் உண்டு. உடல்நலத்திற்குக் கேடு செய்யாத வேலையிடம் தொழிலாளரின் உரிமை எனத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-ஆம் ஆண்டுத் திருமடலில் போதித்தார். பட்டறையில் உழைத்த புனித சூசையப்பரைப் பீடத்தில் வைத்து வணங்கும் நாம், நம் பட்டறையில் உழைப்பவரின் மூச்சையும் காப்போமாக.