கூலியாள் நஷ்டஈடும் அந்நியர் பொறுப்பும்

எட்டயபுரம் கரிசல் பூமியில் மக்காச்சோளத்தையும் உளுந்தையும் யந்திரத்தால் அடிப்பது இக்காலத்தில் சகஜமாகிவிட்டது. யந்திரம் பெரும்பாலும் வாடகைக்கு வருவது. கதிர் ஊட்டும் ஆட்களோ நிலக்காரர் அமர்த்தியவர்கள். யந்திரத்தின் குறையால் ஓர் ஆளின் கை போய்விடுமாயின், "யந்திரக்காரன் குற்றம், நமக்குச் சம்பந்தமில்லை" என்பார் சிலர். "கொடுத்தது கொடுத்ததுதான், திரும்ப வராது" என்பார் வேறு சிலர். இரண்டும் தவறான எண்ணங்களாகும்.

1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், டிராக்டர் முதலிய யந்திர சக்தியால் நடைபெறும் விவசாய வேலையாளுக்கு நேரும் விபத்திலும் எஜமானரையே முதற் பொறுப்பாளி ஆக்கிற்று. அதன் 13-ஆவது பிரிவு, விபத்துக்குச் சட்டப்படி பொறுப்பான அந்நியர் ஒருவர் இருப்பின், கொடுத்த தொகையை அவரிடம் ஈடுசெய்துகொள்ளும் உரிமையையும் எஜமானருக்கு அளித்தது. 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதிகள் இடம் பெற்றுள்ளன.

தொகை அற்பமன்று. மாதம் ரூ. 10,000 கூலி பெறும் நாற்பது வயதுடைய ஆள் இறந்தால், கூலியில் பாதியை 184.17 என்னும் எண்ணால் பெருக்க, ரூ. 9,20,850 ஆகிறது. மானாவாரிக் குடியானவர் எவர் இதைத் தனியே தாங்குவார்?

அந்நியர் பொறுப்பு பலவிதம். கதிரடிக்கும் யந்திரத்தில் கதிர் ஊட்டும் தொட்டி 90 செ.மீ. நீளமும், அதில் 45 செ.மீ. மூடியும் இருத்தல் வேண்டுமென்பது தர விதி. மூடியைக் கழற்றி வாடகைக்கு விட்டவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அறுந்து கிடந்த மின்கம்பியால் நேர்ந்த மரணத்திற்கு, பிறர் திருட்டுத்தனமாகக் கம்பி இழுத்தார் என்ற சமாதானம் செல்லாது, மின்சார வாரியமே பொறுப்பு என்று 2002-இல் சுப்ரீம் கோர்ட் மத்தியப் பிரதேச வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. மதுரை–தூத்துக்குடி சாலையில் நம் விளைபொருளுடன் செல்லும் ஆளை அஜாக்கிரதையாக மோதும் லாரியின் சொந்தக்காரரும் இவ்வகையினரே.

ஆனால் உரிமை தானாக வந்து சேராது. மரண நஷ்டஈட்டை உரிய அதிகாரியிடமே கட்ட வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வீட்டாரிடம் நேராகக் கொடுத்தது சட்டப்படி கொடுத்ததாகாது. அந்நியருடைய குற்றத்தை ருஜுப்பிக்கும் பாரமும் எஜமானரைச் சேர்ந்தது. ஆகையால் வாடகைச் சீட்டு, போலீஸ் அறிக்கையின் நகல், யந்திரம் அப்புறப்படுத்தப்படுமுன் எடுத்த புகைப்படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக. மூடியைக் கழற்றச் சொன்னவர் நிலக்காரரேயானால், பிறரிடம் கேட்க அவருக்கு முகமிராது.

கூலியாளே யந்திரக்காரர்மீது வழக்காடட்டும் என்பது நியாயமன்று. கையிழந்தவனுக்குக் கோர்ட்டுப் படியேறச் சக்தி ஏது? உழைப்பின் பலனை அடைந்தவர் முதலில் கொடுப்பதும், பின்னர்க் குற்றமுடையவரிடம் பெறுவதுமே முறை.

சர்க்கார் மானியத்தில் யந்திரம் பெற்று வாடகைக்கு விடுவோர் வருஷந்தோறும் மூடியைச் சோதனைக்குக் காட்டவும், அச்சிட்ட வாடகைச் சீட்டுக் கொடுக்கவும் இலாகா கட்டாயப்படுத்த வேண்டுமென்பது எமது அபிப்பிராயம். அதுவரை, சீட்டில்லாத யந்திரத்தையும் மூடியில்லாத யந்திரத்தையும் களத்தில் இறக்காதிருப்பது குடியானவர் கையிலேயே இருக்கிறது.