கண்ணில் விழும் கார்பைடு

2025 தீபாவளி முடிந்த சில நாட்களுக்குள், கண்ணில் காயத்துடன் மத்தியப் பிரதேச மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள் 100க்கும் மேல். போபால், விதிஷா, குவாலியர், இந்தூர் என்று பல ஊர்கள்; பெரும்பாலும் சிறுவர்கள். சிலர் பார்வையை இழந்தார்கள். காரணம் சிவகாசிச் சரக்கு அல்ல. தெருவோரத்தில் ரூ 150, 200க்கு விற்ற ஒரு பிளாஸ்டிக் குழாய். பெயர், 'கார்பைடு கன்'.

வயலில் குரங்குகளை விரட்ட விவசாயிகள் செய்துகொண்ட சாதனம் இது. இன்ஸ்டாகிராம் ரீல்கள் அதைத் தீபாவளி விளையாட்டாக்கிவிட்டன. குழாயில் ஒரு கேஸ் லைட்டர், கொஞ்சம் கால்சியம் கார்பைடு. மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கிறார்களே, அதே கல்தான். தண்ணீர் பட்டதும் அசிட்டிலின் வாயு கிளம்பும். லைட்டரைத் தட்டினால் வெடிக்கும். அசிட்டிலின் காற்றில் 2.5 சதவீதம் கலந்திருந்தாலும் தீப்பிடிக்கும், 80 சதவீதம் கலந்திருந்தாலும் தீப்பிடிக்கும். எனவே எந்தத் தட்டலில் வெடிக்கும் என்று சொல்ல முடியாது. வெடிக்காவிட்டால் பையன் என்ன செய்வான்? குழாய்க்குள் எட்டிப் பார்ப்பான்.

தீக்காயம் பாதிக் கதைதான். கார்பைடும் தண்ணீரும் சேர்ந்தால் வாயு போக மிஞ்சுவது சுண்ணாம்பு. அமிலம் பட்ட இடத்தில் திசு உறைந்து, அமிலம் மேலும் போகாமல் ஓரளவு தடுக்கும். சுண்ணாம்பு போன்ற காரமோ திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். இமைக்கடியில் ஒரு துணுக்கு சிக்கினால், கண்ணீரின் ஈரமே போதும், அது சுண்ணாம்பாகிக்கொண்டே இருக்கும். கருவிழியின் விளிம்பில் உள்ள ஸ்டெம் செல்கள் அழிந்துவிட்டால் கருவிழி மீண்டும் தெளிவாகாது. மறு கண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பொருத்தும் முறையை ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை டாக்டர்கள் 2012ல் வெளியிட்டார்கள். ஆனால் அதற்கு மறு கண் நன்றாக இருக்க வேண்டும்.

(1984ல் போபால் மக்களின் கண்ணை எரித்தது யூனியன் கார்பைடு ஆலையின் வாயு. அது வேறு ரசாயனம். ஆனாலும் அந்த ஊருக்கு இந்தப் பெயரே ஆகவில்லை.)

விபத்துக்குப் பிறகு விற்றவர்கள் கைதானார்கள். கார்பைடைக் கட்டுப்படுத்த 1987லேயே விதிகள் உண்டு. வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டிய கல் தெருவோரக் கடைக்கு எப்படி வந்தது என்று முன்பே கேட்டிருக்கலாம்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சாதாரணப் பட்டாசுக் காயத்துக்குச் சொல்லப்படும் யோசனை: கண்ணைக் கசக்காதே, கழுவாதே, காகிதக் கப்பால் மூடி டாக்டரிடம் போ. கார்பைடுக்கு அது பொருந்தாது. முகத்தில் ஒட்டிய துணுக்குகளை உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, உடனே கழுவ வேண்டும். தண்ணீர் பட்டால்தானே வினை என்று தோன்றும். கண்ணீரில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. நிறையத் தண்ணீர் சுண்ணாம்பை அடித்துக்கொண்டு போய்விடும். சொட்டுச் சொட்டாக அல்ல, குழாயைத் திறந்துவிட்டு, இமையை விரித்துப் பிடித்து, அரை மணி நேரம். கண்ணை அழுத்தக் கூடாது.

மருத்துவமனையில் 'பட்டாசு' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'கார்பைடு' என்று சொல்லுங்கள். அப்போதுதான் டாக்டர் மேல் இமையைப் புரட்டித் துணுக்கைத் தேடுவார்.