பத்தில் ஒரு வாட் உறுமல்

"சைலன்சரை மட்டும் மாத்திப் பாரு, வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்." கார்ப் பிரியர்கள் நாலு பேர் கூடினால் இந்த உபதேசம் கட்டாயம் காதில் விழும். கூடவே ஒரு வால்: "இதுக்கெல்லாம் எதுக்கு ஷெட்டுக்குப் போய்க்கிட்டு? ரெண்டு போல்ட், மூணு ரப்பர். வீட்டு வாசல்லயே முடிச்சிடலாம்." கேட்பவர் தலையாட்டுகிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தெருவின் தூக்கம் போகிறது.

நம் ஊரில் இந்த வைத்தியத்துக்கு அதிகம் ஆளாவது டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் கார்கள். பழைய ஸ்விஃப்ட், பலேனோ வகையறா. அந்த எஞ்சின் 6000 ஆர்.பி.எம்.மில் தரும் உச்ச சக்தி சுமார் 66 கிலோவாட், அதாவது 66,000 வாட். இப்போது சத்தத்துக்கு வருவோம். பின்குழாயிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 100 டெசிபெல் காட்டும் சைலன்சர், தொட்டில் குழந்தையை மட்டுமல்ல, மாடிவீட்டுத் தாத்தாவையும் எழுப்பிவிடும். அவ்வளவு ஓசையாக வெளியேறும் ஆற்றலைக் கணக்கிட்டால் ஏறத்தாழ பத்தில் ஒரு வாட் வருகிறது. செல்போன் டார்ச்சுக்குக்கூட அதைவிட அதிகம் தேவை. மனிதக் காது அத்தனை கூர்மையானது. அந்தக் கூர்மையைத்தான் கடைக்காரர் காசாக்குகிறார்.

சத்தம் வெறும் அறிகுறி, புகை தடையில்லாமல் போவதுதான் விஷயம் என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இந்த நம்பிக்கைக்கு ஆயுள் கெட்டி. எரிந்த புகையை வெளியே தள்ள எஞ்சின் கொஞ்சம் உழைக்கத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு, எப்போது? ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து 6000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் அந்த 1.2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3600 லிட்டர் காற்றை இழுக்கும். 2000 ஆர்.பி.எம்.மில் லேசாக மிதித்துப் போகும்போது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட உள்ளே போவதில்லை. குழாயில் ஏற்படும் எதிரழுத்தமோ ஓட்டத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடிக் குறைவது. ஓட்டம் ஐந்தில் ஒன்றானால் எதிரழுத்தம் இருபத்தைந்தில் ஒன்று. வடபழனி சிக்னலில் இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருப்பவருக்கு, இல்லாத தடையை நீக்கித் தருவதாகச் சொல்லித்தான் பணம் வாங்குகிறார்கள். ஆறாயிரத்தைத் தொடுகிற அரிய நேரத்திலும், பின்பக்க டப்பாவை மட்டும் மாற்றியதற்கு ஒன்றிரண்டு குதிரைத்திறன் கிடைத்தாலே பெரிது. ஒரே காரைக் காலையிலும் மதிய வெயிலிலும் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றினாலே அந்த அளவு வித்தியாசம் வரும்.

இதற்கு எதிர்க்கட்சி ஒன்றும் உண்டு. "பேக் பிரஷர் கொஞ்சம் வேணும்பா, இல்லேன்னா பிக்கப் போயிடும்" என்பவர்கள். இவர்கள் கண்டது சரி, சொல்லும் காரணம் தவறு. எதிரழுத்தம் எந்த எஞ்சினுக்கும் நல்லது செய்வதில்லை. வேண்டியது புகையின் வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாகப் போகும் புகை, தன் பின்னால் அழுத்தத்தைக் குறைத்து அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துவிடும். குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் அந்த வேகம் செத்து, தாழ்ந்த ஆர்.பி.எம்.மில் இழுவை குறைகிறது. ஆக, நகரத்தில் ஓட்டுபவர் தடித்த குழாயை மாட்டிக்கொண்டு, தான் தினமும் பயன்படுத்தும் இடத்தில் சக்தியை இழந்து, எப்போதும் போகாத இடத்தில் துளி சம்பாதிக்கிறார். ஆனாலும் "சும்மா சொல்லக் கூடாது, முன்னைக்கு இப்ப பறக்குது" என்பார். காது சொல்வதை முதுகு நம்பிவிடுகிறது. மூன்றாவது கியரில் 40-லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்துக்குப் போக எத்தனை வினாடி என்று மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பந்தயக் காரைப் பார் என்பது அடுத்த வாதம். பார்ப்போமே. 2005-இல் கோவையின் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஜோர்டான் அணிக்காக ஓட்டிய காரில் இருந்தது காதைக் கிழிக்கும் மூன்று லிட்டர் வி10. 2014-இல் ஃபார்முலா ஒன் 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைப்ரிடுக்கு மாறியது. புகையில் வீணாகப் போகும் ஆற்றலை டர்போவும் அதனோடு இணைந்த ஜெனரேட்டரும் பிடித்துக்கொண்டதால் சத்தம் தணிந்துபோனது, ரசிகர்கள் புலம்பினார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த அந்த வருடம் மெர்சிடிஸ் அணி பார்சிலோனா சோதனையில் காரின் பின்னால் தாரை போன்ற ஒரு குழாயை மாட்டிப் பார்த்தது, எடுபடவில்லை. ஒரு பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருளுக்கு மேல் கிடையாது என்ற கட்டுப்பாட்டோடு வந்த அந்த எஞ்சின் வகைதான், சில ஆண்டுகளில் அந்த வி10-களின் சக்தியை எட்டியது. சாலைக் கார்களிலும் இதே கதை நடக்கிறது. பி.எம்.டபிள்யூ. தன் எம்5 காரில் எஞ்சின் ஓசையை ஸ்பீக்கர் வழியாகக் கூட்டிக் கொடுத்தது. உறுமல் தனிச் சரக்கு என்பது தயாரிப்பாளருக்குத் தெரிந்திருக்கிறது.

சைலன்சரை வெறும் டப்பா என்று நினைப்பதில்தான் கோளாறே தொடங்குகிறது. உள்ளே துளையிட்ட குழாய்களும் அறைகளும் இருக்கின்றன. ஓசை அலை சுவரில் மோதித் திரும்பித் தன்னைத்தானே கொன்றுகொள்ளும்படி அளவெடுத்துச் செய்தவை. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். 3000 ஆர்.பி.எம். என்றால் வினாடிக்கு 100 வெடிப்பு. அந்த 100 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை அடக்குவது ரெசனேட்டர் என்ற அறையின் வேலை. அதை வெட்டியெடுத்துவிட்டு ஜி.எஸ்.டி. சாலையில் ஏறினால், வெளியே கம்பீரமாகக் கேட்பது உள்ளே ஓயாத முழக்கமாக நிற்கும். விழுப்புரம் தாண்டுவதற்குள் பின் சீட்டில் இருக்கும் அம்மா தலையைப் பிடித்துக்கொள்வார்.

சரி, வீட்டு வாசலுக்கு வருவோம். ஸ்டெப்னியோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கானது. அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது. ஸ்டாண்டு வைத்துத் தூக்குகிற வசதி எத்தனை வாசலில் இருக்கிறது? கடற்காற்றில் ஊறிய சென்னைக் காரின் சைலன்சர் போல்ட்டுகள் எண்ணெய் விட்டாலும் அசையாது. ஸ்பானரில் பலத்தைக் காட்டினால் தலை முறிந்து கையில் வரும். அப்புறம் சுத்தியல், கட்டர், கடைசியில் தள்ளுவண்டி வெல்டிங். பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டு இறுக்கிவிட்டு "டைட்டா இருக்கு" என்று கை துடைத்துக்கொள்கிறார்கள்.

அந்த இணைப்பில் முடியிழை அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும். முன்பக்க ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால், புகைத் துடிப்புகளுக்கு இடையில் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். ஆக்சிஜன் அதிகம் என்று சென்சார் தவறாகச் சொல்ல, பெட்ரோல் போதவில்லை என்று எஞ்சின் கம்ப்யூட்டர் இன்னும் ஊற்றும். மைலேஜ் கூடும் என்று ஆரம்பித்த வேலை பெட்ரோல் பங்க்கில் முடிகிறது. இது பணத்தோடு போகும். வண்டியின் தரைக்கு அடியில் கசியும் கார்பன் மோனாக்சைடு அப்படிப் போகாது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. கல்யாண மண்டபத்துக்கு வெளியே எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குகிற பழக்கம் நமக்கு உண்டு. நல்ல சைலன்சரோடு அப்படித் தூங்குவதே தவறு. வாசலில் மாட்டியதோடு தூங்குபவரை என்னவென்று சொல்வது?

'ஃப்ரீ ஃப்ளோ' என்ற பெயரில் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் கழற்றிவிடுவது இன்னொரு கொடுமை. பிளாட்டினமும் பலேடியமும் ரோடியமும் பூசிய அந்தத் தேன்கூட்டுத் துண்டுதான் விஷ வாயுக்களில் பெரும்பகுதியைத் தெருவுக்கு வரும் முன் மாற்றிவிடுகிறது. கழற்றிய பிறகு அது எங்கே போகிறது என்று கடையில் கேட்டுப் பாருங்கள். சில கடைகளில் கூலியைவிட அதில்தான் லாபம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. போலீஸார் பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் வீடியோவுக்கு மட்டும் சிரிக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி மற்றும் புகை விதிமீறலுக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. இரண்டும் சேர்ந்தும் வரலாம், லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும்.

டர்போ எஞ்சினில் கதை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே டர்போவுக்குப் பின்னால் வரும் குழாயை அகலப்படுத்தி, கம்ப்யூட்டரையும் அதற்கேற்பத் திருத்தினால் நிஜமாகவே சக்தி கூடும். அதற்கு டைனோ வேண்டும், அறிந்த ஆள் வேண்டும், ஓட்டுவதற்கு இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் வேண்டும். துருப்பிடித்து ஓட்டையான சைலன்சருக்குப் பதிலாக அதே விட்டத்தில், கன்வர்ட்டரைத் தொடாமல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒன்று போடுவதிலும் எனக்குச் சண்டை இல்லை. "எனக்கு இந்தச் சத்தம் பிடிக்கும், அதனால் மாட்டினேன்" என்று சொல்பவரோடு வேண்டுமானால் தெருவாசிகள் சண்டை போடட்டும். அவர் பொய் சொல்லவில்லை.

பிக்கப் கூடியது, மைலேஜ் ஏறியது என்று சத்தியம் செய்பவரிடம் ஒன்று கேட்க வேண்டும். கம்பெனி சைலன்சரைத் துணி சுற்றிப் பரண்மேல் பத்திரமாக வைத்திருக்கிறாரே, வாரன்டி சர்வீஸ் தேதி வரும்போதெல்லாம் முந்தின நாள் இரவு அதை இறக்கி மாட்டிக்கொண்டு போகிறாரே, ஏன்?