கோயில் தெருவோடு நிற்கும் கேபிள்

எங்கள் காலனியை நகராட்சியோடு சேர்த்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. வரி ரசீதில் நாங்கள் நகரவாசிகள். ஆனால் பைபர் கேபிள் கோயில் தெரு முனைக் கம்பத்தோடு நின்றுவிட்டது. அங்கே தொங்கும் பெட்டியிலிருந்து எங்கள் முதல் வீட்டுக்கு 200 அடிகூட இராது.

"அந்தப் பக்கம் டிமாண்ட் இல்லை" என்றார் நிறுவனத்து ஊழியர். சாதிப் பெயரை யாரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். 31 வீட்டார் கையெழுத்திட்டு, முன்பணமும் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்து 8 மாதமாகிறது. குழாய்த் தண்ணீரும் தெருவிளக்கும் இதே வரிசையில்தான் வந்தன: முதலில் ஊர், பிறகு என்றோ ஒருநாள் நாங்கள். "எல்லாவற்றிலும் சாதியா?" என்று கேட்கும் நண்பர்கள் அந்தத் தெருக்களை ஒருமுறை வரிசையாக நடந்து பார்க்கட்டும்.

கையில் செல்போன் இருக்கிறதே என்பார்கள். நாளுக்கு ஒன்றரை ஜிபி. வீட்டில் படிப்பவர்கள் மூன்று பேர். கல்வி உதவித்தொகை விண்ணப்பம், கலந்தாய்வு, டிஎன்பிஎஸ்சி என எல்லாமே இணையத்தில்தான். கடைசித் தேதிக்கு முந்தின இரவு பிரவுசிங் சென்டர் வாசலில் நிற்பவர்கள் எங்கள் பிள்ளைகள்தாம்.

இணையம் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவி தொடுத்த வழக்கு அது.

நாங்கள் இலவசம் கேட்கவில்லை. சாலையோரம் கேபிள் கொண்டுபோக நகராட்சிதானே அனுமதி தருகிறது? வார்டில் ஒரு தெருவையும் விடக் கூடாது என்று அந்த அனுமதியிலேயே எழுதட்டும். அடுத்த நகர்மன்றக் கூட்டத்தன்று அந்த 31 கையெழுத்தோடு வாசலில் இருப்போம்.