கட்லட் சுட மட்டும்தானா நாங்கள்?

போன மாதம் இங்கே இங்கிலாந்தில், எங்கள் பகுதி பாப்டிஸ்ட் சபைகளின் ஐக்கியம் நடத்திய வருடாந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எங்கள் தமிழ்ச் சபைக்கு வழமையான இரண்டு வேலை. சேலை கட்டி ஒரு பாட்டு, மத்தியானத்துக்குக் கட்லட்டும் றோல்ஸும். வெள்ளைக்காரர் ருசித்துச் சாப்பிட்டார்கள். பிறகு அறிக்கை வாசித்தார்கள். எங்கள் பெயர் 'மிஷன்' என்ற தலைப்பில் வந்தது, 'சபைகள்' பட்டியலில் இல்லை. பதினேழு வருடமாகக் கூடுகிற சபை ஐயா இது!

எங்களை அகதிகள் என்று பரிதாபமாகப் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். முதல் பாப்டிஸ்டுகளே அகதிகள்தான். அரசனின் சபைக்கு அடங்க மறுத்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடிய ஆங்கிலேயர் 1609இல் அங்கே தொடங்கிய சபை அது. அவர்களில் ஒருவரான தோமஸ் ஹெல்விஸ் திரும்பி வந்து 1612இல் லண்டன் ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸில் சபை வைத்தார், சிறைக்கும் போனார்.

மிஷன் எப்படித் தொடங்கியது? 1792இல் கெற்றறிங் ஊரில், நோர்தம்ப்டன்ஷயர் ஐக்கியத்துப் போதகர்கள் ஒரு வீட்டில் கூடி, 13 பவுண் 2 சிலிங் 6 பென்ஸ் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வருடம் வங்காளம் போன வில்லியம் கேரி சப்பாத்துத் தைத்தவர். அதே சங்கத்தின் ஜேம்ஸ் சேட்டர் 1812இல் கொழும்பில் வந்து இறங்கினார். பணக்காரர் போட்ட பிச்சை இல்லை அது. சின்னச் சபைகள் சேர்த்த காசு.

பாப்டிஸ்டுகளுக்கு பிஷப் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கும். தனியே நிற்க முடியாத சபைக்குத் தோள் கொடுக்கத்தான் ஐக்கியம். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். காசைத் தந்துவிட்டுக் கதிரையைத் தராவிட்டால் அதற்குப் பெயர் ஐக்கியமா?

எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஐக்கியம் என்றால் மலிவு வாடகைக்கு ஹோல் பிடித்துத் தரும் இடம், அவ்வளவுதான். வாக்களிக்கிற கூட்டத்துக்கு ஆள் அனுப்பச் சொன்னால் "சனிக்கிழமை கடையில் வேலை" என்கிறோம். சின்னச் சபைகளுக்கு உதவும் பொது நிதிக்கு எங்கள் காணிக்கையில் எவ்வளவு போகிறது என்று கேட்டால் எங்கள் பொருளாளருக்கு இருமல் வருகிறது. வாங்க மட்டும் கை நீட்டினால் மிஷன் பட்டியலில்தான் போடுவார்கள்.

அடுத்த வருடம் நான் கட்லட் கொண்டு போகப் போவதில்லை. ஒரு காணிக்கை உறையும், கமிட்டிக்கு நிற்க எங்கள் சபையிலிருந்து ஒரு பெயரும் கொண்டு போவேன். மத்தியானத்துக்கு அவர்கள் சான்ட்விச் செய்யட்டும். நாங்களும் ருசித்துச் சாப்பிடுவோம்.