கக்கூஸ் அழகா இருக்கணுமா, திறந்திருக்கணுமா?

கக்கூஸைப் பத்தி ஒரு முழுப் பதிவா என்று முகம் சுளிப்பவர்கள் இப்பவே அடுத்த பக்கத்துக்குப் போயிடலாம். மத்தவங்க உள்ளே வாங்க, பூட்டலை. :-)

மேட்டர் இதுதான். சான் ஃபிரான்சிஸ்கோவில் எம்பார்க்கடேரோ என்று ஒரு கடலோரச் சாலை இருக்கு. பே ஏரியாவுக்கு யார் வந்தாலும் முதல் வாரமே அங்கே கூட்டிட்டுப் போயிடுவோம். 1898-ல் திறந்த ஃபெர்ரி பில்டிங், அதன் மணிக்கூண்டு, இரண்டு பக்கமும் வரிசையா பழைய கப்பல்துறைக் கட்டடங்கள். ஒரு காலத்தில் இதுக்கு முன்னாடி இரண்டடுக்கு மேம்பாலம் ஒண்ணு கடலையே மறைச்சுக்கிட்டு நின்னுது. 1989 நிலநடுக்கத்தில் அது ஆட்டம் கண்டது, 1991-ல் இடிச்சாங்க, ஊருக்குக் கடல் திரும்பக் கிடைச்சது. 2003-ல் ஃபெர்ரி பில்டிங் கடைத்தெருவாக மறுபிறவி எடுத்தது. 2006-ல் இந்தக் கப்பல்துறை வரிசை முழுக்க தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் ஏறியது. அதாவது, பாதுகாக்கப்பட்ட கடலோரம். இஷ்டத்துக்கு எதையும் கட்ட முடியாது.

இந்த அழகான இடத்திலும் மனுஷனுக்கு ஒண்ணுக்கு வரும் இல்லையா? அதுக்காக 1995-ல் இருந்து ஊர் முழுக்க வைத்தவைதான் அந்தப் பச்சைப் பெட்டிகள். பாரிஸ் தெருவில் இருந்து பெயர்த்து எடுத்து வந்த மாதிரி ஒரு தோற்றம். ஜேசி தெக்கோ என்ற பிரெஞ்சு விளம்பர நிறுவனம் வைத்தது. ஒப்பந்தம் சிம்பிள்: கழிப்பறை அவங்க செலவு, பதிலுக்கு நடைபாதையில் விளம்பரத் தூண்கள் வைக்க உரிமை. மொத்தம் 25 கழிப்பறைகள். ஒருத்தர் வெளியே வந்ததும் கதவு மூடிக்கொண்டு உள்ளே தன்னைத் தானே கழுவிக்கும். கேட்கவே சுகமா இருக்குல்ல?

நடந்தது வேற. தானே கழுவும் மெஷினுக்கு ஊசியையும் துணியையும் என்ன செய்யறதுன்னு தெரியாது. உள்ளே போனவர் தூங்கிட்டா எழுப்பத் தெரியாது. போதை, ரிப்பேர், 'அவுட் ஆஃப் ஆர்டர்' விளக்கு. வெளியே பாரிஸ், உள்ளே நம்ம ஊர் பழைய பஸ் ஸ்டாண்ட். பெட்டி இருக்கும், ஆனா உங்களுக்கு வேணும்கிறப்போ உதவாது. அதனால் மாத்திடலாம்னு நகரம் முடிவு பண்ணிச்சு. போட்டி வெச்சு, பல கமிட்டிகளைத் தாண்டி, 2018-ல் புது டிசைன் தேர்வாச்சு. வளைஞ்ச, பளபளக்கும் உலோக உறை, சுத்துப்புறம் அதில் கண்ணாடி மாதிரி தெரியும். அந்த வரிசையில் முதல் பெட்டி ஃபெர்ரி பில்டிங்குக்கு எதிரில் இருக்கும் எம்பார்க்கடேரோ பிளாசாவுக்கு வந்தது 2023-ல். அஞ்சு வருஷம். நடுவில் கொரோனா வந்தது, ஒத்துக்கறேன். இருந்தாலும் அஞ்சு வருஷம், மக்கா!

என் கருத்தை இங்கேயே போட்டு உடைச்சிடறேன். பழைய கழிப்பறையை எடுத்துட்டு புதுசு வைக்கிறப்போ எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி 'பார்க்க எப்படி இருக்கும்?' என்பது. அது கடைசிக் கேள்வியா இருக்கணும். முதல் கேள்வி: ராத்திரி எட்டு மணிக்கு அது திறந்திருக்குமா? இரண்டாவது கேள்வி: அங்கே யார் இருப்பாங்க?

பாரம்பரியம் வேண்டாம்னு சொல்லலை. மேம்பாலத்தை இடிச்சவங்க அருமை தெரிஞ்சுதான் இடிச்சாங்க. ஆனா பாரம்பரியம்னா என்ன? அதே கடலோரத்தில் கொஞ்ச தூரம் வடக்கே நடந்தால் அக்வாட்டிக் பார்க். அங்கே வெள்ளைக் கப்பல் மாதிரி ஒரு கட்டடம் நிக்குது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் அரசு வேலைத் திட்டத்தில் கட்டி 1939-ல் திறந்தது. இன்னிக்கு அது தேசிய வரலாற்றுச் சின்னம், உள்ளே கடல்சார் மியூசியம். ஆனா எதுக்காகக் கட்டினாங்க தெரியுமா? கடலில் குளிக்க வர்ற பொதுஜனம் துணி மாத்த, உடம்பைக் கழுவ. சுருக்கமா சொன்னா பொதுக் குளியலறை! அன்னிக்கு ஊர்க்காசில் சாமானியனுக்குக் குளியலறை கட்டினாங்க, அதை இன்னிக்கு பாரம்பரியம்னு கும்பிடறோம். இன்னிக்குச் சாமானியனுக்குக் கழிப்பறை கேட்டா பாரம்பரியம் கெடும்னு பேச்சு வருது. என்ன லாஜிக்கோ.

கமிட்டிகள் எவ்வளவு தூரம் போகும்கிறதுக்கு இந்த ஊரே உதாரணம் வெச்சிருக்கு. கடலோரம் இல்லை, ஊருக்குள்ளே, நோயி வேலி என்ற பேட்டையில் (பேர்ப் பொருத்தத்தைப் பாருங்க). அங்கே ஒரு சின்ன சதுக்கத்தில் ஒரே ஒரு கழிப்பறைக்கு 17 லட்சம் டாலர் என்று 2022-ல் கணக்குப் போட்டாங்க. அன்னிக்கு ரேட்டில் கிட்டத்தட்ட 14 கோடி ரூபாய். 2025-ல்தான் முடியும்னும் சொன்னாங்க. இத்தனைக்கும் தண்ணி, சாக்கடை இணைப்பு ஏற்கனவே அங்கே இருந்தது. படம் போடணும், அக்கம்பக்கத்தைக் கேட்கணும், கலை ஆணையம் பார்க்கணும், சுற்றுச்சூழல் சட்டப்படி பரிசீலிக்கணும்... பத்திரிகையில் வந்து நாடே சிரிச்ச பிறகு, நெவாடாவில் இருக்கும் ஒரு கம்பெனி ரெடிமேட் கழிப்பறையை இனாமாகவே தர முன்வந்தது. 2024 ஏப்ரலில் திறப்பு விழா, செலவும் சொன்னதைவிட ரொம்பக் குறைவு. நாறின பிறகுதான் நகர்ந்தது. (சிலேடைக்கு மன்னிக்கவும்.)

இதெல்லாம் எனக்கு எதுக்கு உறைச்சுதுன்னா, போன கோடையில் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தாங்க. அம்மாவுக்குச் சுகர். வெளியே கிளம்பணும்னா காலையில் இருந்தே தண்ணி குடிக்க மாட்டாங்க. "வேண்டாம்டா, அப்புறம் எங்க போறது?" இது மதுரையில் பஸ் ஏறும்போது பழகின பழக்கம். அமெரிக்காவில் அந்தக் கவலை இல்லைம்மான்னு வசனம் பேசித்தான் எம்பார்க்கடேரோ கூட்டிட்டுப் போனேன். ஒரு பெட்டியில் சிவப்பு விளக்கு. ஒரு கடையில் கேட்டா கஸ்டமருக்கு மட்டும்னு பலகையைக் காட்டினாங்க. வாங்குறோம்னு சொல்லி ஆறு டாலருக்கு யாரும் குடிக்காத ஒரு காபி வாங்கி, அதுக்கப்புறம்தான் சாவி. அம்மா அந்தக் காபியோட விலையை ரூபாயில் கேட்டாங்க. நான் சொல்லலை.

கடைக்காரனைக் குறை சொல்லி என்ன பண்றது? கழிப்பறை அவன் வேலை இல்லை. 2018-ல் பிலடெல்பியா ஸ்டார்பக்ஸில் ஒண்ணும் வாங்காமல் உட்கார்ந்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களைப் போலீஸ் கைது செய்து பெரிய கொந்தளிப்பாச்சு. அதுக்கப்புறம், வாங்கினாலும் வாங்காட்டியும் யாரும் கழிப்பறைக்கு வரலாம்னு அந்தக் கம்பெனி அறிவிச்சது. 2025 ஜனவரியில் அந்தக் கொள்கையை வாபஸ் வாங்கிட்டாங்க. ஒரு நாடு தன் குடிமக்களோட மூத்திரப்பையை ஒரு காபிக் கடையோட மனசை நம்பி விட்டா இப்படித்தான் ஆகும்.

இதுக்குப் பின்னாடி ஒரு சரித்திரம் இருக்கு. 1960-களில் அமெரிக்காவில் காசு போட்டால் திறக்கும் கழிப்பறைகள் ஏராளம். ஆண்கள் சிறுநீர் கழிக்குமிடம் பெரும்பாலும் இலவசம், பூட்டு இருந்தது கதவுள்ள அறைக்கு. அப்போ யாருக்குச் செலவு? பெண்களுக்கு. கலிஃபோர்னியா சட்டமன்ற உறுப்பினரா இருந்த மார்ச் ஃபாங் யூ என்ற அம்மணி 1969-ல் சட்டமன்றப் படிக்கட்டிலேயே ஒரு பீங்கான் கழிப்பறையைச் சம்மட்டியால் அடிச்சு நொறுக்கினாங்க. 1974-ல் தடைச் சட்டம் வந்தது. மற்ற பல மாநிலங்களும் பின்னாலேயே வந்தன. அருமையான வெற்றி. ஆனா காசு வாங்கின கழிப்பறைகள் மூடினப்போ, அந்த இடத்தில் இலவசக் கழிப்பறைகளை யாரும் கட்டலை. உரிமையை ஜெயிச்சாங்க, பராமரிப்புக்கு பட்ஜெட் ஒதுக்க மறந்துட்டாங்க.

அதே 1974-ல் நம்ம ஊரில் நடந்தது நேர் எதிர். பாட்னாவில் பிந்தேஷ்வர் பாடக்கின் சுலப் அமைப்பு, காசு கொடுத்துப் போகும் பொதுக் கழிப்பறையை ஆரம்பிச்சது. அந்தக் காசில் ஆள் வைத்து சுத்தம் பண்ணினாங்க, அது நாடு முழுக்கப் பரவியது. ஒரே வருஷம், ஒரு நாடு கட்டணத்தை ஒழிச்சது, இன்னொரு நாடு கட்டணத்தை வெச்சு நடத்தியது. எது சரி? என் கட்சி இலவசம்தான், ஏன்னா அவசரம் சில்லறை பார்த்து வராது. ஆனா பாடக் ஒரு விஷயத்தைச் சரியாப் பிடிச்சார்: கழிப்பறை என்பது கட்டடம் இல்லை, அது ஒரு வேலை. தினமும் யாரோ செய்யவேண்டிய வேலை.

இதை சான் ஃபிரான்சிஸ்கோவும் ஒரு கட்டத்தில் கண்டுபிடிச்சது. ஊரின் ஏழ்மையான டெண்டர்லாயின் பகுதியில் பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க மலத்தை மிதிக்காமல் நடக்க முடியலைன்னு புகார் சொன்னாங்க. 2014-ல் 'பிட் ஸ்டாப்' என்ற திட்டம் வந்தது. பெரிய தொழில்நுட்பம் ஒண்ணும் இல்லை. கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தினாங்க, அவ்வளவுதான். ஒருத்தர் போய் வந்ததும் எட்டிப் பார்ப்பார், துடைப்பார், ரொம்ப நேரமானால் கதவைத் தட்டுவார், ஊசி போட தனிப் பெட்டி இருக்கும். இந்த வேலைக்கு வந்தவர்களில் பலர் சிறையில் இருந்து திரும்பி வேறு எங்கும் வேலை கிடைக்காதவர்கள். அதே பழைய பச்சைப் பெட்டி, ஆள் நின்னதும் கழிப்பறை ஆயிடுச்சு! 2019-ல் மூணு இடத்தில் 24 மணி நேரமும் திறந்து பார்த்தாங்க. பெட்டியை மாத்தி வராத பலன் ஒரு நாற்காலியும் ஒரு மனுஷனும் வந்ததும் வந்தது.

இப்போ நம்ம மெரீனாவுக்கு வருவோம். அதுவும் ஒரு பாரம்பரியக் கடலோரம்தானே. சேப்பாக்கம் அரண்மனை, செனட் ஹவுஸ், மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம், ராணி மேரி கல்லூரின்னு வரிசை கட்டி நிக்குது. கூட்டத்துக்கும் குறைவில்லை. பழைய கழிப்பறைகளைப் பத்தி நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை, மூக்கே வழிகாட்டும். சென்னை மாநகராட்சி, மெரீனாவும் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களும் சேர்ந்து 372 இடங்களில் கழிப்பறைகளைப் புதுப்பிக்கவும் புதுசா கட்டவும் சுமார் 430 கோடி ரூபாயில் தனியாரோடு ஒரு திட்டம் போட்டது. கக்கூஸுக்கு இவ்வளவான்னு பலர் வாயைப் பிளந்தாங்க. நான் பிளக்கலை, ஏன்னா அதில் கட்டுமானம் மட்டும் இல்லை, பல வருஷப் பராமரிப்பும் சேர்த்தி. பராமரிப்பைக் கணக்கில் எழுதினதே பெரிய முன்னேற்றம். கேள்வி கேட்கணும்னா தொகையைப் பத்தி இல்லை, வேற கேட்கணும்: இன்னிக்கு எது எது திறந்திருக்கு, தண்ணி வருதா, இல்லைன்னா காசைப் பிடிக்கிறாங்களா?

ஆள் நிறுத்துங்கன்னு சொல்றப்போ நம்ம ஊர்க்காரனா எனக்கு ஒரு உறுத்தலும் உண்டு. யாரை நிறுத்தப் போறோம்? கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 2013-ல் புதுச் சட்டமே வந்தது. இன்னிக்கும் துடைப்பத்தை எந்த சாதியோட கையில் கொடுக்கறோம்னு எல்லாருக்கும் தெரியும். பிட் ஸ்டாப்பில் எனக்குப் பிடிச்சதே, அங்கே நிக்கிறவர் அந்த இடத்துக்குப் பொறுப்பாளர். சீருடை உண்டு, முறையான சம்பளம் உண்டு, வர்றவங்க வணக்கம் சொல்லிட்டுப் போறாங்க. பெட்டியின் டிசைனுக்குக் கமிட்டி போடுறவங்க, அந்த ஆளோட சம்பளத்துக்கும் கையுறைக்கும் அவர் உட்கார ஒரு நிழலுக்கும் ஒரு கமிட்டி போடலாமே?

சரி, ரொம்ப நீளமாயிடுச்சு. கடலோரத்தில் பழைய கழிப்பறையை மாத்தப் போற எந்த ஊருக்கும் நான் சொல்றது இவ்வளவுதான்:

1. புதுசு திறக்கிறவரைக்கும் பழசை மூடாதீங்க. மூடித்தான் ஆகணும்னா தற்காலிகமா ஒண்ணு வைங்க.

2. டிசைனுக்கு ஒரே ஒரு கமிட்டி, ஒரு கெடு. போர்ட்லாந்து நகரம் 2008-ல் இருந்து வைக்கிற 'லூ'வைப் பாருங்க. மேலேயும் கீழேயும் இடைவெளி விட்ட இரும்புக் கூண்டு, கை கழுவ வெளியே குழாய். அழகிப் போட்டியில் ஜெயிக்காது. ஆனா உள்ளே யாரும் குடித்தனம் நடத்தவும் முடியாது, கழுவறதும் சுலபம்.

3. பராமரிப்புப் பணத்தை முதலில் ஒதுக்கிட்டு, அப்புறம் கட்டடத்துக்குச் செங்கல் வாங்குங்க.

4. பெண்களையும் வயசானவங்களையும் சக்கர நாற்காலியில் வர்றவங்களையும் முன்கூட்டியே கேளுங்க. திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டச் சொல்றது கேட்டதாகாது.

ஒரு கடலோரம் பாதுகாக்கப்பட்டிருக்கான்னு நான் மணிக்கூண்டைப் பார்த்து முடிவு பண்ண மாட்டேன். அங்கே வர்ற ஒரு பாட்டி பயமில்லாமல் ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிறாங்களான்னுதான் பார்ப்பேன். நீங்க என்ன சொல்றீங்க?

கொசுறு: 2015-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மூணு மாடி உயர விளக்குக் கம்பம் ஒண்ணு காரின் மேல் சாய்ந்தது. அடிப்பகுதி அரிச்சுப் போனதுக்கு ஒரு காரணம், வருஷக்கணக்கா அதன் மேல் மனுஷங்களும் நாய்களும் அடிச்ச மூத்திரம். கழிப்பறை கட்டாமல் மிச்சம் பிடிச்ச காசு இப்படித்தான் தலையில் விழும். :-)