ஒரே மார்க்கெட்டை நம்பி ஒரு நகரம்

கொரோனா கொள்ளை நோய் வந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பட்ட பாட்டை மறப்பது ஆட்சியாளருக்கு வசதியாக இருக்கலாம்; உழைக்கும் மக்களுக்கு அது கட்டுபடியாகாது.

சென்னையில் நடந்தது என்ன? 1996-ல் காய்கறி மொத்த வியாபாரம் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. அன்று முதல் நகரத்தின் காய், கனி, பூ பெரும்பாலும் அந்த ஒரு வாசல் வழியாகவே வருகின்றன. தியாகராய நகரின் தள்ளுவண்டிக்காரரும் விடியுமுன் அங்கேதான் போயாக வேண்டும்.

2020 ஏப்ரல் 24-ம் தேதி, 26 முதல் 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு என்று சர்க்கார் அறிவித்தது. இடையில் இருந்தது ஒரே ஒரு நாள்! மூட்டை மூட்டையாக வாங்கி வைக்க வசதியுள்ளவருக்கு அது போதும். அன்றாடக் கூலிக்காரர் என்ன செய்வார்? கடைகளை மக்கள் மொய்த்தனர்; கோயம்பேட்டில் கூட்டம் அலைமோதியது. நோய் பரவ இதைவிட வேறென்ன வழி வேண்டும்?

மே 5-ம் தேதி மார்க்கெட் மூடப்பட்டது. அங்கு மூட்டை சுமந்தவர்கள் பிழைப்பிழந்து ஊர் திரும்பினர். கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை தொற்று சென்றது. பழி யார் தலையில் விழுந்தது? சுமந்தவர் தலையில்! காய்கறி வியாபாரம் பூந்தமல்லிக்கும் அப்பால் திருமழிசைக்குப் போயிற்று. பழமும் பூவும் மாதவரத்துக்குப் போயின. காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குத் திரும்பியது செப்டம்பர் 28-ம் தேதிதான். ஏறத்தாழ ஐந்து மாத காலம் வண்டி வாடகைச் சுமையைச் சிறு வியாபாரியும் வாங்குபவரும் தாங்க வேண்டியிருந்தது.

“எல்லாம் ஓரிடத்தில் இருந்தால் செலவு குறையுமே” என்று சிலர் கேட்கலாம். நல்ல காலத்தில் அது சரி. ஆனால் ஒரு வாசல் அடைபட்டால் நகரமே பட்டினி என்ற நிலை சிக்கனமல்ல, ஆபத்து. பெரிய மார்க்கெட் இருக்கட்டும். அதோடு மாற்று வழியும் இருக்க வேண்டும் என்பதே நமது வாதம்.

அந்த நெருக்கடியில் மக்களைத் தாங்கியது எது? ரேஷன் கடை! 2020 ஏப்ரலில் அரிசி கார்டுதாரர்களுக்கு 1,000 ரூபாயும், விலையில்லாமல் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் தெருக்கோடிக் கடை மூலமே சேர்ந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய சர்க்கார் அத்தியாவசியப் பண்டச் சட்டத்தைத் திருத்தி, தானியம், பருப்பு, எண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு இருப்புக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. பதுக்கல்காரருக்கு இதைவிட என்ன பரிசு வேண்டும்? விவசாயிகளின் நீண்ட போராட்டத்தால் 2021-ல் அத்திருத்தம் ரத்தாயிற்று.

அடுத்த கொள்ளை நோய் நாள் குறித்து வருவதில்லை. எனவே நாம் வற்புறுத்துவது இதுதான்:

நகரின் நான்கு திசைகளிலும் தண்ணீர், கழிப்பிடம், கூரை வசதியுடன் மாற்று மார்க்கெட்டுகளுக்கு இப்போதே இடம் ஒதுக்க வேண்டும். ரேஷன் கடைகளில் நெருக்கடிக் கால இருப்பு வைக்க வேண்டும். கார்டு இல்லாத வெளியூர்த் தொழிலாளிக்கும் அதில் பங்கு வேண்டும். சுமைத் தொழிலாளர், தள்ளுவண்டிக்காரர் அனைவரையும் பதிவு செய்து, மார்க்கெட் மூடும் நாட்களுக்கு நிவாரணம் தர வேண்டும். ஊரடங்கு அறிவிக்குமுன் போதிய அவகாசமும், வீட்டு வாசலுக்குப் பண்டம் வரும் ஏற்பாடும் வேண்டும்.

நகரத்துக்குச் சோறு போட மூட்டை சுமப்பவர், நோய் வந்தால் குற்றவாளியாக நிற்கும் நிலை மீண்டும் வரக்கூடாது.